அண்டை வீட்டுக்கு இரண்டு முழக் கம்பி



கணினிக்கு வரும் இணையத்தை யுஎஸ்பி கம்பி வழியாகக் கைபேசிக்குக் கொடுப்பதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு ஆடி மாத வெயிலுக்கு முன்பு எங்களிடம் யாரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் நாங்களும் அவ்வாறே கேட்டிருப்போம். ஆனால் அந்தச் சிறு கம்பி, எங்கள் தொழுகையைப் பற்றியே எங்களைக் கேள்வி கேட்க வைத்துவிட்டது. பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம்.

கொரோனா ஊரடங்கு நாட்கள். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பாடங்கள் கைபேசிக்குள் வந்துவிட்டன. எங்கள் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று உண்டு. கேபிள் டிவிக்காரர் கொடுத்த இணைய இணைப்பு, கம்பி வழியாக நேரே அந்தக் கணினிக்குள் வந்து சேரும். ரவுட்டர் கிடையாது; ஆகவே வைஃபையும் கிடையாது. ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகனின் வகுப்புகள் அந்தக் கணினியில்தான் நடந்தன.

எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னே பெண்கள் நடமாடுவதற்கென்று முடுக்கு இருக்கிறது. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அந்த முடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுச் சகோதரி வந்தார். கூடவே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய கணவருக்குச் சில மாதங்களாகச் சம்பளம் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

“லாத்தா, புள்ளைக்கு ஒம்பது மணிக்குக் கிளாஸ். போன்ல நெட்டு தீந்து போச்சு. ஒங்க வீட்டு நெட்டைக் கொஞ்சம் போட்டுத் தர முடியுமா?”

“எங்க வீட்டுல வைஃபை இல்லையேம்மா. கம்பிதான் வருது, அதுவும் கம்ப்யூட்டருக்குத்தான்.”

“அப்படியா லாத்தா, சரி” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எங்களில் ஒருவர்தான் வாசலில் நின்று அந்தப் பதிலைச் சொன்னார். மற்றவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பதிலில் இருவருக்கும் பங்குண்டு.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் மனத்தை உறுத்தாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் ரவுட்டர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு நாங்கள் உண்மையாகப் பதில் சொல்வதானால், அக்கம்பக்கத்தார் கடவுச்சொல் கேட்பார்கள், கொடுத்தால் வேகம் குறையும், கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் வரும் என்று கணக்குப் போட்டே அதை வாங்காமல் இருந்தோம். “இல்லை” என்று சொல்வதற்கு வசதியாகவே ஒரு பொருளை இல்லாமல் வைத்திருந்தோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

பத்து நாட்கள் கழிந்தன. காய்கறி வாங்கிவிட்டு முற்பகல் வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவில் அடைத்துக் கிடந்த ஒரு கடையின் படியில் அந்தப் பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். முகக்கவசம் அணிந்திருந்தாள். கைபேசித் திரையில் வெயில் அடிப்பதால் தலைத்துணியை முன்னே இழுத்து அதற்கு நிழல் பிடித்திருந்தாள். கடையின் மேல்மாடியில் இருப்பவர்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார்கள். சமிக்ஞை அந்தப் படி வரைக்கும்தான் எட்டியது. எதிரே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இரண்டு இளைஞர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களைக் கண்டதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு மீண்டும் குனிந்துகொண்டாள். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

அன்று இஷாவை வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். எங்கள் மகன் இமாமாக நின்றான். அவனுக்கு நன்றாக மனப்பாடமான சிறிய சூராக்களில் ஒன்று அல்மாஊன். ஏழே வசனங்கள் கொண்ட 107ஆவது அத்தியாயம். அநாதையை விரட்டுபவனைப் பற்றியும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனைப் பற்றியும் பேசிவிட்டு, தொழுகையாளிகளில் ஒரு சாராருக்குக் கேடு உண்டென்று அது எச்சரிக்கிறது. தொழுகையில் பராமுகமாக இருப்பவர்கள், பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்பவர்கள், இறுதியாக, அன்றாடம் புழங்கும் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்கள். அந்த அற்பப் பொருளுக்குத்தான் மாஊன் என்று பெயர். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கும் வாளி, சட்டி போன்றவை என்று அதற்கு விளக்கம் தந்ததாகத் தஃப்ஸீர் நூல்களில் காண்கிறோம்.

பல நூறு தடவை ஓதிய, கேட்ட சூரா. அன்று ஸலாம் கொடுத்த பிறகு எங்களால் உடனே எழ முடியவில்லை. வாளியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். அம்மியைக் கேட்டிருந்தால் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்திருப்போம். இந்தக் காலத்து வாளி எது என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ளவும் நாங்கள் விரும்பவில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், சென்னையில் பொறியியல் படிக்கும் எங்கள் மருமகனிடம் தொலைபேசியில் கேட்டோம். “வைஃபை இல்லாமல், கம்ப்யூட்டரில் இருந்து போனுக்கு நெட் கொடுக்க வழி இருக்கிறதா?” அவர் சிரித்தார். “ஒரு சார்ஜர் வயர் போதும் மாமா” என்றார்.

அது அவ்வளவு எளிதாகவும் இருக்கவில்லை. கைபேசியில் உள்ள இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் எல்லோரும் அறிந்தது. நாங்கள் வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. முதலில் விண்டோஸில் இருக்கும் பகிர்வு வசதியைக் கொண்டு முயன்றோம். கைபேசியைக் கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கினால் கணினியில் புதிதாக ஒரு பிணைய இணைப்பு தோன்றும். நம்முடைய பிராட்பேண்ட் இணைப்பின் பண்புகளுக்குள் போய், ‘ஷேரிங்’ என்ற பகுதியில் மற்றவர்களுக்கும் கொடுக்க அனுமதி அளித்து, அந்தப் புதிய இணைப்பைத் தேர்ந்தெடுத்தோம். கணினி தனக்கு 192.168.137.1 என்ற முகவரியைச் சூட்டிக்கொண்டு, கொடுப்பதற்குத் தயாராகிவிட்டது. ஆனால் கைபேசிக்குள் ஒன்றும் வரவில்லை.

காரணத்தை மருமகன் விளக்கினார். டெதரிங் நிலையில் இருக்கும் கைபேசி தன்னையே கொடுப்பவராக எண்ணிக்கொள்கிறது. கம்பியின் மறுமுனையில் இருந்து தனக்கு ஏதும் வரும் என்று அது எதிர்பார்ப்பதே இல்லை. அதன் போக்கை மாற்றவேண்டுமானால் ‘ரூட்’ என்று சொல்லும் முழு அதிகாரத்தைக் கைபேசியில் பெறவேண்டும். அடுத்தவர் கைபேசியில் அந்த வேலையைச் செய்யத் துணிவது முறையல்ல. இரண்டு பக்கத்தாரும் கொடுப்பதற்காகவே கையை நீட்டிக்கொண்டு நின்றால், வாங்குவது எப்படி நடக்கும்?

இரண்டாவது வழி பலித்தது. ஜெனிமொபைல் என்னும் நிறுவனம் 2017இல் வெளியிட்ட இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் க்னிரெஹ்டெட். ‘டெதரிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கடைசியில் இருந்து முதல் நோக்கி எழுதினால் கிடைப்பது அந்தப் பெயர். அது செய்யும் வேலையும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 5.0 முதல் உள்ள கைபேசிகளில் ரூட் இல்லாமலே இயங்கும். கைபேசியில் இருந்து வெளியே போகவேண்டிய தரவு முழுவதையும் அது விபிஎன் போல ஒன்றுதிரட்டிக் கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதைத் தன் பெயரில் இணையத்துக்குக் கொண்டுபோய், வரும் பதிலைத் திரும்பக் கம்பியில் கொடுக்கிறது.

செய்யவேண்டியவை இவ்வளவுதான். கைபேசியின் அமைப்புகளில் ‘அபௌட் ஃபோன்’ பகுதியில் உள்ள ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதில் ‘யுஎஸ்பி டீபக்கிங்’ என்பதை இயக்க வேண்டும். கம்பியை இணைத்ததும், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று கைபேசி கேட்கும். அனுமதித்த பிறகு கணினியில் மென்பொருளை ஓடவிட்டால், விபிஎன் இணைப்புக்கு ஒப்புதல் கேட்கும். அதற்கும் சரி என்றால் திரையின் மேலே சிறு சாவி அடையாளம் தோன்றும். கைபேசியோடு கணினி பேசுவதற்கு ‘ஏடிபி’ என்ற சிறு கருவியும் கணினியில் இருக்கவேண்டும்.

எங்கள் சொந்தக் கைபேசியில்தான் முதலில் சோதித்தோம். ஒரு மணி நேரம் வீணானது. பிறகுதான் தெரிந்தது, நாங்கள் எடுத்த கம்பி மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் மலிவான கம்பி; தரவைக் கடத்தும் இழைகளே அதற்குள் இல்லை. நல்ல கம்பியை மாற்றியதும் சாவி அடையாளம் வந்தது. சிம் தரவை அணைத்துவிட்டுச் சவூதியில் இருக்கும் காக்காவை வீடியோவில் அழைத்தோம். முகம் தெளிவாகத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த வேலைதான் கடினமாக இருந்தது. முடுக்கு வழியாக அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய், வழி இருக்கிறது, பிள்ளையை நாளையிலிருந்து அனுப்புங்கள் என்றோம். அவர் கண்கள் கலங்கின. “அன்னைக்கு நீங்க கேட்டப்பவே நாங்க தேடியிருக்கணும், மன்னிச்சுக்குங்க” என்று சொன்னபோது அவர் சொன்ன பதில் எங்களால் மறக்க முடியாதது.

“என்ன லாத்தா இப்படிச் சொல்றீங்க? இல்லாததை எங்கேருந்து குடுப்பீங்க?”

எங்கள் சொல்லை அவர் முழுமையாக நம்பியிருந்தார். பத்து நாட்களாக எங்களைப் பற்றி ஒரு குறையும் நினைக்காமல் இருந்திருக்கிறார். அவர் கோபித்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். ரவுட்டர் வாங்காத கணக்கையும் அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று நா எழவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் சொன்னோம்.

கேபிள்காரரிடமும் கேட்டோம். இணைப்பு எங்கள் பெயரில் இருந்தாலும் அதற்கு நிபந்தனைகள் உண்டு. அடுத்தவருக்குக் கொடுப்பதானால் கொடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா? “காசுக்கு விக்காதீங்க, வெளியே கம்பி இழுக்காதீங்க. வீட்டுல உக்காந்து புள்ளை படிக்கிறதுல என்ன இருக்கு” என்றார். மனம் நிம்மதியானது. நமக்கு உரிமையில்லாத ஒன்றைத் தானம் செய்வது தானமாகாது.

மறுநாள் முதல் அவள் வந்தாள். வைஃபையாக இருந்திருந்தால் சுவரைத் தாண்டிப் போயிருக்கும். யார் பயன்படுத்துகிறார்கள் என்பதே தெரியாமல் இருந்திருக்கும். இந்தக் கம்பியோ இரண்டு முழ நீளம்தான். ஆகவே அவள் எங்கள் வீட்டுக்குள், கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஜன்னல்களையும் முடுக்குப் பக்கக் கதவையும் திறந்து வைத்தோம். முகக்கவசத்தோடு ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவாள். எங்கள் வயதான உம்மா, சற்றுத் தள்ளிக் கட்டிலில் இருந்தபடி தஸ்பீஹ் ஓதிக்கொண்டே பாடத்தையும் கேட்பார்கள். வகுப்பு முடிந்ததும் தேத்தண்ணி வரும். “அந்த டீச்சர் ஏன் இவ்வளவு வேகமாப் பேசுறாங்க?” என்று உம்மா கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே மெதுவாக விளக்குவாள். ஆறு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் பிள்ளையின் குரலை நாங்கள் அந்த வாரத்தில்தான் சரியாகக் கேட்டோம்.

வேகம் குறையத்தான் செய்தது. மகனின் வகுப்பும் அவளுடைய வகுப்பும் ஒரே நேரத்தில் நடந்தால் அவன் திரை சில சமயம் உறைந்து நிற்கும். “இந்த அக்கா வந்ததாலதான்” என்று அவன் முணுமுணுத்தபோது, குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அவனுக்குச் சொன்னோம். தண்ணீர் கூடினால் குழம்பின் சுவை சிறிது குறையும் என்பது சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்ததே. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் வகுப்பில் கேமராவை அணைத்து வைத்தால் தரவு குறையுமே என்றான். அதன்பின் அவ்வாறே செய்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொடுப்பது மட்டுமே நன்மை என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, கொடுத்த பிறகும் ஒரு பொறுப்பு இருப்பது தாமதமாகத்தான் விளங்கியது. அந்தக் கைபேசியில் இருந்து போகும் ஒவ்வொன்றும் எங்கள் கணினியின் ஊடாகவே போகிறது. எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறாள் என்பதை அறிய முற்பட்டால் அறியலாம். அதைவிடப் பெரிது யுஎஸ்பி டீபக்கிங். அந்த அனுமதியைப் பெற்ற கணினி, கைபேசியில் உள்ள படங்களைப் படியெடுக்கலாம், செயலிகளை நிறுவலாம். நாங்கள் இணைப்பைக் கொடுத்தோம். அவர்களோ தங்கள் வீட்டுக் கதவையே எங்களை நம்பித் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது பெரிய கொடை?

உறவினர் ஒருவர் ஒருநாள் வந்திருந்தார். “வயசுப் புள்ளை. போன்ல என்ன பாக்குதுண்டு ஒரு கண்ணு வச்சுக்குங்க. உம்மாக்காரிக்குச் சொன்னா நல்லதுதானே” என்றார். நல்லெண்ணம் போலத்தான் இருந்தது. ஆனால் பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. புறம் பேசுவதைத் தடுக்கும் அதே வசனத்திலேயே அந்தத் தடையும் இருக்கிறது. துருவுதல் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த அருகாமையே போதுமான பாடம். நாங்கள் அவருக்கு அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையையும் அவள் உம்மாவையும் அழைத்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொடுத்தோம்.

ஒன்று, கைபேசி அனுமதி கேட்கும்போது ‘இந்தக் கணினியை எப்போதும் அனுமதி’ என்ற கட்டத்தில் குறி இடாதே. ஒவ்வொரு நாளும் உன்னிடம் கேட்கட்டும். இரண்டு, வகுப்பு முடிந்து கம்பியைக் கழற்றியதும் டீபக்கிங்கை நீயே அணைத்துவிடு. மூன்று, எங்களைப் போலவே இன்னொருவர் வந்து உன் கைபேசியைக் கம்பியில் மாட்டச் சொன்னால், அவர் யார் என்று தெரியாமல் மாட்டாதே. “எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்” என்றபோது அவள் கொஞ்சம் திகைத்தாள். அவள் உம்மாவுக்குப் புரிந்தது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்டே உள்ளே போகவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். நேற்று அனுமதி கிடைத்தது என்பதற்காக இன்று கேட்காமல் நுழைவதில்லை.

செப்டம்பரில் ஒரு ரவுட்டர் வாங்கினோம். கடவுச்சொல்லை அந்தச் சகோதரியிடம் எழுதிக் கொடுத்தோம். ரவுட்டர் வாங்காமல் இருந்த பழைய காரணத்தையும் அன்றுதான் ஒப்புக்கொண்டோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நானும் ஒரு தடவை சட்டி இரவல் கேட்டவங்களுக்கு இல்லைண்டு சொல்லியிருக்கேன் லாத்தா” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கம்பி தேவையில்லாமல் போயிற்று. பிள்ளை தன் வீட்டிலிருந்தே படித்தாள். இரண்டு நாட்கள் கழித்து உம்மா, “அந்தப் புள்ளை ஏன் வரல்ல? ஏதும் சொன்னீங்களா?” என்று எங்களைக் கடிந்துகொண்டார்கள். விவரத்தைச் சொன்னோம். அதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. அதன்பிறகு அவள் சில மாலைகளில் பாடம் இல்லாமலே வந்து உம்மாவோடு இருந்துவிட்டுப் போவாள்.

2021 பிப்ரவரியில், பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றியே தேர்ச்சி பெறுவார்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. “இதுக்குத்தானா அவ்வளவு பாடு?” என்று சிலர் கேலி செய்தார்கள். அவளுக்கு வேண்டுமானால் தேர்வு இல்லாமல் போயிருக்கலாம். எங்களுக்கு நடந்துவிட்டது. முதல் தடவை தோற்று, மறுதடவை எழுத வாய்ப்புக் கிடைத்தவர்கள் நாங்கள். எல்லோருக்கும் அந்த மறுவாய்ப்புக் கிடைப்பதில்லை. அந்தக் கடைப் படியில் வேறு ஏதேனும் நடந்திருந்தால், “வைஃபை இல்லை” என்ற எங்கள் உண்மை எங்களுக்கு என்ன உதவி செய்திருக்கும்?

அன்புச் சகோதர சகோதரிகளே, கேட்டதையெல்லாம் எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவருக்கு இணைப்பைக் கொடுத்தால் அதில் நடக்கும் தவறுக்கு நாம் பதில் சொல்ல நேரிடும். கொடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நாங்கள் சொல்வது இதுதான்: அண்டை வீட்டார் வந்து ஒன்றைக் கேட்கும்போது, நாவில் வரும் “இல்லை” என்ற சொல்லை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். அது உண்மையாகவே இல்லையா, அல்லது தேட மனம் இல்லையா?

எங்கள் மேசை இழுப்பறையில் அந்தக் கம்பி இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் மழையில் ரவுட்டர் பழுதானபோது எடுத்துப் பார்த்தோம், வேலை செய்தது. முடுக்கு வழியாகப் போய், வேண்டுமானால் வரலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன்பே.

மாஊனைத் தடுத்துக்கொள்ளும் தொழுகையாளிகளில் நம்மைச் சேர்த்துவிடாமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. நாம் கொடுத்ததையும், நம்மை நம்பிப் பிறர் திறந்து வைத்ததையும் அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.